சாணி கேஸுக்குத் திருஷ்டி சுத்துனேன்

சாணியில அடுப்பு எரிச்சா மாடு தன் செலவைத் தானே பாத்துக்கும்னு எங்கிட்ட முதல்ல சொன்னது, எங்க பால் சொசைட்டியில பால் அளக்கற குப்புசாமி அண்ணன். போன தை மாசம், பொங்கல் முடிஞ்ச வாரத்துல, காலையில பால் ஊத்தப் போனப்பச் சொன்னார். அவர் மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்லீங்க. அவர் சொன்னது சரிதான். கேட்டது நானு, அதுதான் கோளாறு.

நடந்ததைச் சொல்றேன். எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலை. ஞாயித்துக்கிழமை மதியம் மகனுக்கும் மருமகளுக்கும் சோறாக்கணும். அவ்வளவுதான்.

ஆனா அந்தச் சோத்தைச் சாணி கேஸ்ல ஆக்கணும்.

அதுக்குக் காரணம் இருக்குது. எங்களுக்கு நாலு சிந்து மாடு. மகன் செந்தில் சேலத்துல ஃபேர்லேண்ட்ஸ்ல அடுக்குமாடியில இருக்கறான். ராசிபுரம் ரோட்டுல இருக்கற எங்க ஊருக்கு எப்ப வந்தாலும் ஒரே பேச்சுத்தான்.

"அம்மா, பால் காசு வருது, அப்படியே தவிட்டுக் கடைக்குப் போவுது. நடுவுல நீங்களும் அப்பாவும் எதுக்கு இடுப்பொடியறீங்க? மாட்டை வித்துப்போட்டு எங்ககூட வந்துருங்க. லிஃப்ட் இருக்குது. பக்கத்துலயே கோயில் இருக்குது."

கோயிலைச் சொன்னா நான் மசிஞ்சுருவேன்னு அவனுக்குத் தெரியும். மசிஞ்சும் இருப்பேன். ஆனா எங்க லட்சுமி இருக்குதே, அந்த மாடு நான் மடியில கை வெச்சாத்தான் பாலு உடும். லட்சுமியை லிஃப்ட்ல ஏத்த முடியாதுங்க.

அதனால குப்புசாமி அண்ணன் சொன்னதை அவங்கிட்டச் சொன்னேன். பாலுக்குக் கிடைக்கறது தீவனத்துக்குப் போனாப் போகட்டும், சாணியில அடுப்பு எரியும், மிச்சக் கரைசல் மரவள்ளிக் காட்டுக்கு எருவாகும், சிலிண்டர் காசும் உரக் காசும் மிச்சம்னேன்.

அவன் சிரிச்சான்.

"சரிம்மா. அந்தக் கேஸ்ல ஒரு வேளைச் சோறு ஆக்கிப் போடுங்க. அப்பறம் மாட்டைப் பத்தி நான் வாயே தொறக்க மாட்டேன். ஆகலைன்னா ஆவணி மாசத்தோட மாட்டைக் கைமாத்திர்றோம். சம்மதமா?"

நான் சாமி படத்தைப் பாத்தேன். சாமி ஒண்ணும் சொல்லல. சம்மதம்னுட்டேன்.

மாசியில குழி வெட்டுனோம். மேஸ்திரி நல்ல மனுசன், பொறுமையாச் சொல்லிக் குடுத்தார். சாணியும் தண்ணியும் சரிக்குச் சரி கரைச்சு இந்தத் தொட்டியில ஊத்தோணும். அது உள்ள போய் ஊறும். ஊறுனா கேஸ் வந்து மேல இருக்கற இரும்பு டிரம்மைத் தூக்கும். டிரம் மேல ஏறியிருந்தா கேஸ் இருக்குது, கீழ படுத்துட்டா இல்ல. இதுதான் மொத்தப் பாடம்.

போகறப்ப ஒண்ணு சொன்னார். "அம்மா, இதை மிஷின்னு நெனச்சுக்காதீங்க. மாட்டு வயிறு மாதிரி. உள்ள உயிர் இருக்குதுங்க. பதனமாப் பாத்துக்கோங்க."

உள்ள உயிர் இருக்குதுன்னு எங்கிட்டச் சொல்லியிருக்கக் கூடாதுங்க.

பங்குனியில முதல் தீ வந்துது. நீலமா, சத்தமில்லாம, அவ்வளவு அழகு. அதுல பால் பொங்க வெச்சுப் பிள்ளையாருக்குப் படைச்சேன். எங்கூட்டுக்காரரே அடுப்பு முன்னால கைகட்டி நின்னார். அவர் கோயில்லயே அப்படி நின்னதில்ல. அந்தச் சந்தோசத்துல எங்க சிலிண்டரை ராசிபுரத்துல கட்டிக் குடுத்த மகளுக்குக் குடுத்து உட்டுட்டேன். இனி நமக்கு எதுக்கு?

அதுக்கப்பறம் எம் புத்தி போன போக்கைக் கேளுங்க.

அதுவரைக்கும் சாணின்னா சாணி. தெருவுல மாடு இல்லாத ஊட்டுக்காரங்க விடிஞ்சதும் வாளியோட வருவாங்க, வாசல் தெளிக்க ஒரு கைப்பிடி எடுத்துட்டுப் போவாங்க. யாரும் கேக்கறதும் இல்ல, குடுக்கறதும் இல்ல. எடுத்துக்கறதுதான். அடுத்தூட்டுச் சரசு தெனமும் வருவா.

ஒரு நாள் அவ குனியறப்ப என் வாய் சும்மா இல்ல. "சரசு, பாத்து எடு கண்ணு. அது கேஸு."

அவ நிமுந்து என்னையப் பாத்தா. கையில இருந்ததுல பாதியைத் திரும்பப் போட்டா. வாளியை எடுத்துட்டுப் போயிட்டா.

அன்னிக்குச் சாயங்காலமே தெருவுல பேச்சு வந்துருச்சு. "பாவாயக்கா ஊட்டுல சாணிக்குப் பூட்டுப் போட்டாச்சாம். சாவி பூஜை ரூம்ல இருக்குதாம்."

அதோட நின்னேனா? மாட்டை மேய்ச்சலுக்கு ஓட்டிட்டுப் போனா கூடையோட பின்னாலயே நடந்தேன். மாடு வாலைத் தூக்குனா ஓடிப் போய் நிப்பேன். ஒரு நாள் நடு ரோட்டுல லட்சுமி போட்டதை அள்ளறப்ப பஸ்ஸே நின்னு வழி உட்டுது. டிரைவர் தலையை நீட்டி, "பாட்டிம்மா, சில்லறை ஏதாச்சும் உழுந்துருச்சுங்களா?"ன்னார். எனக்குக் கோவம் பாட்டிம்மான்னதுக்குத்தான்.

அப்பறம் இன்னொரு யோசனை வந்துது. சாணி எச்சா வேணும்னா மாடு எச்சாத் திங்கணும். தவிடு கூட ஒரு படி வெச்சேன். பருத்திக்கொட்டைப் பிண்ணாக்கும் கூடப் போட்டேன். ஊர்ல எல்லாரும் பாலுக்குத் தீவனம் வெப்பாங்க. சாணிக்குத் தீவனம் வெச்சது நான் ஒருத்திதான்.

எங்கூட்டுக்காரர் தவிட்டுக் கடைக்குப் போய்ட்டு வந்து வாசல்ல உக்காந்து யோசிச்சார். "ஏ பாவாயி, சிலிண்டர் காசை மிச்சம் புடிக்கறதுக்கு அதை விட எச்சாத் தவிடு வாங்கறமே, இது எப்படி?"

"நீங்க சும்மா இருங்க. முதலு போடாம லாபம் வருமா?"ன்னேன். இதை எங்கிருந்து கத்துக்கிட்டேன்னு எனக்கே தெரியல.

ஆடி பொறந்துது. மகன் போன் பண்ணான்.

"அம்மா, ஆவணியில முதல் ஞாயித்துக்கிழமை வாரோம். கேஸ் அடுப்புச் சோறு தயாராங்க?"

"வா சாமி, வா."

போனை வெச்சதும் ஒரு கவலை. மருமக கவிதா டவுன்ல வளந்த புள்ள. கரைக்கற தொட்டிப் பக்கம் போனா மூக்கைப் பொத்திக்குவாளே. அதுவும் போக, அது ஆடி மாசம். ஊர்ல எங்க பாத்தாலும் அம்மனுக்கு மஞ்சத்தண்ணியும் வேப்பிலையும். ஆட்டுக்கு ஊத்தறோம், நமக்கு ஊத்திக்கறோம், வாசலுக்கு ஊத்தறோம். இந்தக் குழிக்கு மட்டும் ஊத்தக் கூடாதா? உயிர் இருக்குதுன்னு மேஸ்திரியே சொல்லியிருக்கார்.

சேலம் செவ்வாய்ப்பேட்டைக்கு மளிகை வாங்கப் போனப்ப மஞ்சளை மூட்டையாவே வாங்கிட்டு வந்தேன். அன்னையிலிருந்து சாணி கரைக்கறதுக்குப் பச்சைத் தண்ணியே கிடையாது. அண்டாவுல வேப்பிலையைப் போட்டுக் காய்ச்சி, மஞ்சளை அள்ளிக் கலக்கி, அதுலதான் கரைச்சேன். கரைக்கறப்ப அம்மன் பாட்டும் பாடுனேன். வாசம் கம கமன்னு இருந்துது. தொட்டி பாக்கறதுக்குத் தேர்த் திருவிழா மாதிரி இருந்துது.

வாரம் ஒண்ணு போச்சு. தீ கொஞ்சம் கொறைஞ்ச மாதிரி இருந்துது. மஞ்சள் பத்தலன்னு நெனச்சு இன்னொரு கை சேத்துப் போட்டேன்.

இன்னும் கொறைஞ்சுது. வேப்பிலையைக் கூட்டுனேன்.

டிரம் நாளுக்கு நாள் எறங்குச்சு. வாயும் வயிறுமா இருந்த பொம்பளை மாதிரி நிமுந்து நின்ன டிரம், இடுப்புப் புடிச்ச மாதிரி ஒரு பக்கமாச் சாஞ்சு உக்காந்துருச்சு.

அப்பத்தான் எனக்கு வெளிச்சம் வந்துது. கண்ணு பட்டிருக்குது. வேற யாரு, சரசுதான். சாணியைத் திரும்பப் போட்டுட்டு ஒரு பார்வை பாத்தாளே, அந்தப் பார்வைதான்.

கல்லுப்பு, வரமொளகா, முச்சந்தி மண்ணு எடுத்து, டிரம்மைச் சுத்தி வந்து திருஷ்டி கழிச்சேன். கழிச்சதை அடுப்புத் தீயில போடணும். தீ எங்க இருக்குது? அதுதானே இல்ல. தீ எங்கிருந்து வருதோ அங்கயே போட்டுரலாம்னு எல்லாத்தையும் கரைக்கற தொட்டியில கொட்டிட்டேன். வெள்ளிக்கெழம ஒரு தடவை, செவ்வாக்கெழம ஒரு தடவை. கண்ணு பலமான கண்ணுன்னு நெனச்சு, உப்பைப் படியில அளந்து போட்டேன்.

ஆவணி வந்துது. அந்த ஞாயித்துக்கிழமையும் வந்துது.

விடிஞ்சதும் குளிச்சு, விளக்கேத்தி, அரிசி பருப்பை ஊற வெச்சுட்டு அடுப்பைப் பத்த வெச்சேன். கார்த்திகை அகல் விளக்குல திரி எரியுமே, அந்த அளவுக்கு ஒரு தீ வந்துது. என்னையப் பாத்துது. அணைஞ்சு போச்சு.

"ஏனுங்க"ன்னு கூப்புட்டேன். எங்கூட்டுக்காரர் வந்து பாத்தார். குழாயை உறிஞ்சிக்கூடப் பாத்தார். காத்து வந்துது, அதுவும் அவரோட காத்துதான்.

"வெறகு வெச்சு ஆக்கிரலாமா?"ன்னார்.

"வெறகு வெச்சா பாத்திரம் கரியாகுமே. பையன் பாத்ததும் கண்டுபுடிச்சுருவான்."

ரெண்டு பேரும் கொட்டாயைப் பாத்தோம். லட்சுமி அசை போட்டுட்டு எங்களைப் பாத்துது. எங்கூட்டுக்காரர் மெதுவாச் சொன்னார், "சரசு ஊட்டுல சிலிண்டர் இருக்கும்."

நான் சரசு வாசல்ல போய் நின்னேன். அவ வாசல் தெளிச்சிருந்தா. வெறும் தண்ணியில.

"சரசு, சிலிண்டர் இருக்குதா கண்ணு?"

"எதுக்குங்க்கா? உங்களுக்குத்தான் மாடே கேஸ் குடுக்குதே."

"இன்னிக்கு அதுக்குச் சித்த ஒடம்பு சரியில்ல."

"மாட்டுக்கா, கேஸுக்கா?"

"கேஸுக்கு."

அவ வெளக்குமாத்தைச் செவுத்துல சாத்தி வெச்சா. "ஒரு கைப்பிடி சாணிக்கு வந்தேன். அது கேஸுன்னீங்க. இப்ப நீங்க கேஸுக்கு வந்திருக்கறீங்க. நான் என்னன்னு சொல்லட்டும்?"

அவ கேட்டது ஞாயந்தான். தலையைக் குனிஞ்சு நின்னேன்.

"எடுத்துட்டுப் போங்க்கா. எங்கண்ணன் மதியத்துக்கு மேல வாரான், காப்பி வெக்கோணும். அதுக்குள்ள குடுத்துருங்க. செந்தில் வாரான்ல, அவன் பசியோட போகக் கூடாது."

அவ அப்படிச் சொன்னதுக்கு, திட்டியிருந்தாத் தேவலைன்னு இருந்துது.

எங்கூட்டுக்காரர் சிலிண்டரைச் சமையல்கட்டுச் செவுத்துக்கு வெளிய வெச்சார். சாணி கேஸ் குழாய் வர்ற ஓட்டை வழியாவே டியூபை உள்ள உட்டார். பரண் மேல கெடந்த பழைய அடுப்பை எறக்கி மாட்டுனார். சிலிண்டர் மேல கோழி அடைக்கற பஞ்சாரத்தைக் கவுத்தார். பஞ்சாரம் சும்மா இருந்தாச் சந்தேகம் வரும்னு, கோழியையும் புடிச்சு உள்ள உட்டார். டிரம் மேல கடலைக்கொடியைப் போட்டு மூடுனார். இத்தனை வருசத்துல அவர் இவ்வளவு சுறுசுறுப்பா ஒரு வேலை செஞ்சு நான் பாத்ததில்லீங்க.

செந்திலும் கவிதாவும் வந்தாங்க. நேரா அடுப்புக்குத்தான் வந்தாங்க. நீலத் தீ நின்னு எரியுது, மேல அரிசிப்பருப்புச் சோறு கொதிக்குது.

கவிதா போனை எடுத்து வீடியோ புடிச்சா. "அத்தை, வாசமே இல்லீங்களே."

"இல்ல கண்ணு." நான் பொய் சொல்லலீங்க. வாசம் இல்லாதது நெசந்தான்.

செந்தில் கேட்டான், "எவ்வளவு நேரம் எரியும்மா?"

"தீர்ற வரைக்கும் எரியும் சாமி." அதுவும் நெசந்தான்.

எலை போட்டு உக்காந்தாங்க. செந்தில் மூணு தடவை சோறு வாங்குனான். நெய்யை ஊத்திப் பெசஞ்சுக்கிட்டே அப்பாவைப் பாத்தான்.

"அப்பா, தப்பு எம்மேலதான். நான் பால் கணக்கை மட்டும் பாத்தேன். சாணிக் கணக்கைப் பாக்கவே இல்ல. நாலு மாட்டுக்கே இப்படி எரியுதுன்னா, பத்து மாடு இருந்தா? பேங்க்ல லோன் பேசறேன். பெரிய குழியாப் போட்டுரலாம். ஜெனரேட்டர் வெச்சா கரண்டே எடுக்கலாமாம்."

எங்கூட்டுக்காரருக்குப் பொரை ஏறிருச்சு.

நான் பாயசத்தைக் கிண்டற மாதிரி அடுப்புப் பக்கம் திரும்பிக்கிட்டேன். ஆத்தா மாரியாத்தா, நாலு மாட்டைக் காப்பாத்துன்னுதான கேட்டேன். பத்து மாட்டைக் குடுன்னா கேட்டேன்?

அப்ப வெளிய சரசு கொரல் கேட்டுது.

"அக்கா, எங்கண்ணன் அப்பவே வந்துட்டானுங்க்கா. நான் எடுத்துக்கறேன், நீங்க எந்திரிக்க வேண்டாம்."

எந்திரிக்கறதுக்குள்ள அவ பஞ்சாரத்தைத் தூக்கிட்டா. கோழி படபடன்னு பறந்துது. சரசு ரெகுலேட்டரைத் திருப்புனா. பாயசத்துக்கு அடியில எரிஞ்ச தீ பொசுக்குன்னு அணைஞ்சுது.

செந்தில் அடுப்பைப் பாத்தான். சன்னல் வழியா சரசு சிலிண்டரை உருட்டிட்டுப் போறதைப் பாத்தான். சோத்துக் கையோட என்னையப் பாத்தான்.

"லட்சுமி சிலிண்டராவே போட்டுருச்சாம்மா?"

நான் அங்கயே உக்காந்துட்டேன். எல்லாத்தையும் சொன்னேன். அவன் கை கழுவிட்டு, மேஸ்திரிக்குப் போன் போட்டு எங்கிட்டக் குடுத்தான். ஸ்பீக்கர்ல போட்டுத்தான் குடுத்தான்.

"தொட்டியில என்ன ஊத்துனீங்கம்மா?"ன்னார் மேஸ்திரி.

நான் பெருமையாத்தான் சொன்னேன். "ஒரு கொறையும் வெக்கலீங்க. மஞ்சளும் வேப்பிலையும் காய்ச்சுன தண்ணியிலதான் தெனமும் கரைக்கறேன். கண்ணு பட்டுருச்சுன்னு உப்பும் மொளகாயும் சுத்திப் போட்டிருக்கறேன். ஒரு கிருமி அண்டாது."

மேஸ்திரி தொண்டையைக் கனைச்சுக்கிட்டார்.

"அம்மா, உள்ள இருக்கற கிருமிதானுங்க கேஸே குடுக்குது."

"நீங்க உயிர்னுதான சொன்னீங்க?"

"அந்த உயிர்தானுங்கம்மா கிருமி. நல்ல கிருமி. அதுக்குத்தான் நீங்க மாசம் பூரா வைத்தியம் பாத்திருக்கறீங்க."

நான் அம்மன் பாட்டு வேற பாடியிருக்கறேன்.

எங்கூட்டுக்காரர் செவுத்துல சாஞ்சு உக்காந்து கணக்கை முடிச்சார். "மிச்சமான சிலிண்டர் காசு பூராத் தவிட்டுக்குப் போச்சு. பால் காசு மஞ்சளுக்குப் போச்சு. சாணி இருந்துது, அதுவும் போச்சு."

செந்தில் கொட்டாய்ப் பக்கம் நடந்து போனான். மாட்டு யாவாரிக்குப் போன் பண்ணப் போறான்னு நெனச்சேன். லட்சுமி கழுத்தைக் கட்டிக்கிட்டு நின்னேன். அது என் முந்தானையை மெல்ல ஆரம்பிச்சுது. அதுக்கு என்ன தெரியும்?

அப்ப கவிதா தயங்கித் தயங்கி அவங்கிட்ட வந்தா.

"ஏங்க, அந்த அடுப்பு வீடியோவை நான் குரூப்புல போட்டுட்டனுங்க."

"எந்தக் குரூப்புல?"

"உங்க ஆபீஸ் ஃபேமிலி குரூப்புல. 'என் மாமியார் வீட்டுச் சாணி கேஸ்'னு போட்டேன். உங்க மேனேஜர் குடும்பத்தோட வந்து பாக்கறேன்னு போட்டிருக்கறாரு."

செந்தில் போனை எடுத்துப் பாத்தான். அப்பறம் லட்சுமியைப் பாத்தான். அப்பறம் என்னைய.

"அம்மா, ஆவணி வேண்டாம். கார்த்திகை தீபம் வரைக்கும் டைம். மேனேஜரை அன்னிக்கு வரச் சொல்லிர்றேன். அன்னிக்கு நெசமாவே அந்தக் கேஸ்ல அவருக்கு ஒரு காப்பி வெச்சுக் குடுத்துருங்க. மாடு இருக்கட்டும். காப்பி வெக்க முடியலைன்னா லிஃப்டுதான்."

மாட்டைக் காப்பாத்துனது குப்புசாமி அண்ணன் கணக்கும் இல்ல, எம் மஞ்சளும் இல்ல. மேனேஜர்தான்.

மேஸ்திரி வந்து குழியை மொத்தமாக் காலி பண்ணிட்டுப் போனார். மஞ்சக் கலர்ல வந்துதுங்க. மறுபடியும் நிரப்பறதுக்கு வண்டி வண்டியாப் பச்சைச் சாணி வேணுமாம். எங்க நாலு மாடு போடறதை மட்டும் வெச்சுத் தீபத்துக்குள்ள நிரம்பாது.

கூடையை எடுத்துட்டு ஊடு ஊடாப் போனேன். யாரும் இல்லைங்கல. ஆனா எல்லாரும் சிரிச்சாங்க. முதல் கூடையைத் தலையில வெச்சுக் கொண்டாந்தது சரசுதான். அவங்கூட்டுல மாடே இல்ல, அவங்க அண்ணன் ஊட்டுல போய் அள்ளியிருக்கா.

கொட்டிட்டு, "பாத்து ஊத்துங்க்கா. அது கேஸு,"ன்னா.

இப்பக் காலையில வாசல் தெளிக்க யார் வேணும்னாலும் எடுத்துக்கலாம். நான் கொட்டாய்ப் பக்கம் பாக்கறதே இல்ல, சாமி ரூம்ல உக்காந்துக்கறேன். மீந்து போன மஞ்சளை அம்மன் கோயிலுக்கே குடுத்துட்டேன், அதுக்கான எடம் அதுதான்.

குழி இன்னும் முக்காலுக்கு வரல. தீபத்துக்கு நாள் நெருங்குது. ராசிபுரம் ரோட்டுல இந்தப் பக்கமா வர்றவங்க, உங்க ஊட்டுல மாடு இருந்தா ஒரு கூடை பச்சைச் சாணி கொண்டாந்து குடுங்க சாமி. அப்படியே குடுங்க, கும்பிட்டுக் குடுக்க வேண்டாம்.